கிருமி அகப்படும்வரை காத்திருக்கலாமா?

குழந்தைகளின் காசநோயை எடைபோட உட்காரும் எவரும் முதலில் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மருந்தே இல்லாத காலத்துப் பதிவுகளைத் திரட்டி ஹெலன் ஜென்கின்ஸ் குழுவினர் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காசநோய் கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் அன்று நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இறந்திருந்தார்கள். இன்றைய மருந்தை முறையாகக் கொடுத்தால் இறப்பு நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. இவ்வளவு நன்றாக வேலை செய்யும் மருந்து கையில் இருந்தும், 2015 என்ற ஒரே ஆண்டில் 15 வயதுக்குட்பட்டவர்கள் 2,39,000 பேர் இந்த நோயால் இறந்ததாக பீட் டாட் குழுவினர் கணக்கிட்டார்கள். அவர்களில் 96 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறாதவர்கள். 80 விழுக்காட்டினர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். பிள்ளைகள் சாவது மருந்தின் போதாமையால் அல்ல, நோயைக் கண்டுகொள்ளாத நம் போதாமையால்தான்.

சாம்பியாவின் லுசாகா நகரில் சிஃபும்பே சிண்டு குழுவினர் செய்த பிரேதப் பரிசோதனை ஆய்வு 2002-இல் வெளியானது. மூச்சு சம்பந்தமான நோயால் இறந்த 264 பிள்ளைகளின் உடல்களைத் திறந்து பார்த்தார்கள். ஐந்தில் ஒருவரின் உடலில் காசநோய் இருந்தது. எச்ஐவி இல்லாத பிள்ளைகளைத் தனியே பிரித்துப் பார்த்தால் நான்கில் ஒருவருக்கு. வேகமாகக் கொல்லும் நிமோனியா வேறு, மெல்ல அரிக்கும் காசநோய் வேறு என்று பாடப்புத்தகம் பிரித்து வைத்திருப்பதைப் பச்சிளம் உடல் மதிப்பதில்லை என்று அந்த ஆய்வு காட்டியது.

எனவே கேள்வி இதுதான்: எவ்வளவு சான்று கிடைத்தால் ஒரு பிள்ளைக்கு மருந்தைத் தொடங்கலாம்? கிருமியைக் கண்ணால் பார்த்த பிறகே தொடங்க வேண்டும் என்பது ஒரு நிலைப்பாடு. 1882-இல் ராபர்ட் கோக் கிருமியைக் காட்டிய நாளிலிருந்து மருத்துவம் இதையே நேர்மையின் அளவுகோலாகப் போற்றி வந்திருக்கிறது. அறிகுறியும் எக்ஸ்ரேயும் தொடர்பு வரலாறும் சேர்ந்தால் போதும் என்பது இன்னொன்று. இரண்டாலும் பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதால் இரண்டையும் ஒரே கண்டிப்போடு விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதல் நிலைப்பாட்டைப் பார்ப்போம். பெரியவர் இருமுகிறார், டப்பாவில் துப்புகிறார், ஆய்வகம் சாயம் ஏற்றிப் பார்க்கிறது. இந்த ஏற்பாடு முழுக்கப் பெரியவர்களுக்கானது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, வந்ததை விழுங்கிவிடும். அப்படியே கிடைத்தாலும் அதில் கிருமி சொற்பம். பெரியவர்களின் நுரையீரலில் குழி விழுந்து அதில் கோடிக்கணக்கில் பெருகும். பிள்ளைகளுக்கு நோய் பெரும்பாலும் மார்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களில் அடைபட்டுக் கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது வேண்டும். அந்த எண்ணிக்கை சிறு பிள்ளைகளிடம் இருப்பதில்லை.

விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து எடுக்கலாம். எப்படி எடுக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்தவர்கள், 'டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்' என்று எளிதாகச் சொல்ல மாட்டார்கள். இரவு முழுக்கப் பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். விடிகாலையில் அது எழுந்து உட்காருவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். எழுந்து ஓடினால் சளி குடலுக்கு இறங்கிவிடும். செவிலியர் பிள்ளையைத் துணியால் சுற்றி அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். ரைல்ஸ் டியூபை மூக்கிலிருந்து காதுவரை, காதிலிருந்து மேல்வயிறுவரை வைத்து அளந்து அடையாளம் போட்டுக்கொண்டு மூக்கு வழியே இறக்குகிறார். பிள்ளை வீறிடுகிறது, குமட்டுகிறது. சிரிஞ்சில் ஐந்து மில்லி வந்தால் நல்ல நாள். இரைப்பை அமிலம் கிருமியைக் கெடுத்துவிடும் என்பதால் சோடியம் பைகார்பனேட்டைக் கலந்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய முறைப்படி இது அடுத்தடுத்து மூன்று காலை. மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வார்டில் படுத்திருக்கக்கூடிய அம்மாக்கள் எத்தனை பேர்? கேப் டவுனில் ஹெதர் ஸார் குழுவினர் 2005-இல் ஒரு மாற்றைக் காட்டினார்கள். உப்பு நீரை ஆவியாகச் சுவாசிக்க வைத்துச் சளியைத் தளர்த்தி எடுத்தால், அந்த ஒரு மாதிரியே மூன்று நாள் இரைப்பை நீருக்கு ஈடாகிறது. இருபது ஆண்டுகளாகியும் வட்டார மருத்துவமனைகளில் அது வழக்கமாகவில்லை.

மூலக்கூறு சோதனைகள் வந்தது பெரிய திருப்பம், சந்தேகமில்லை. நம் மருத்துவமனைகளில் சிபிநாட் என்று அழைக்கப்படும் எக்ஸ்பெர்ட் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஏற்றது. 2013-இல் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது. கோவாவில் உருவான ட்ரூநாட் 2020-இல் அதே அங்கீகாரம் பெற்றது. இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று எக்ஸ்பெர்ட் சொல்லிவிடும். அதன் அடுத்த வடிவமான அல்ட்ரா, ஒரு மில்லியில் பதினாறு கிருமி இருந்தாலே பிடிக்கும் அளவுக்குக் கூர்மையானது. மூக்கில் குழாய் போடாமல் மலத்திலிருந்தே சோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டி சொன்னது. குழந்தையை வருத்தாத இந்த முறையை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் எண்களைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். கல்ச்சரில் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி முளைத்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், எக்ஸ்பெர்ட் மலத்தில் 61 விழுக்காட்டினரையும் இரைப்பை நீரில் 73 விழுக்காட்டினரையும் பிடிக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தொகுப்பு. இந்த விழுக்காடு யாருக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருத்துவர்கள் காசநோய் என்று முடிவு செய்யும் நூறு பிள்ளைகளில் கல்ச்சரில் கிருமி முளைப்பதே முப்பது, நாற்பது பேருக்குத்தான். நாற்பதில் 61 விழுக்காடு என்றால் 24. மீதமுள்ள 76 பிள்ளைகள் 'நெகட்டிவ்' என்ற காகிதத்தோடு வீட்டுக்குப் போகக்கூடியவர்கள். கோட் டிவார், கேமரூன், உகாண்டா, மொசாம்பிக், சாம்பியா, கம்போடியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த டிபி-ஸ்பீட் ஆய்வு இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியது. கடும் நிமோனியாவோடு சேர்ந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் அல்ட்ரா செய்தும் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. கருவி கூர்மையானால் உயிர் தப்பும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த நேரடியான அடி இது.

ஆகவே பாசிட்டிவ் வந்தால் அதைவிட உறுதியான சான்று வேறில்லை. நெகட்டிவ் வந்தால் அது அநேகமாக எதையும் சொல்லவில்லை. ஒரே காகிதத்தின் இரு விடைகளுக்கும் இவ்வளவு ஏற்றத்தாழ்வான எடை என்பதைக் குழந்தை மருத்துவர்கள் அறிவார்கள். கிளினிக்கில் பொதுநோய் பார்ப்பவர்களும், ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் பெற்றோரும் அறிவதில்லை.

கிருமி கிடைக்காதபோது சட்டென்று கைபோவது மாண்டூ ஊசிக்கு. வியன்னாவில் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர் 1907-இல் தொடங்கி வைத்த தோல் சோதனையை, மறு ஆண்டே சார்ல்ஸ் மாண்டூ தோலுக்குள் போடும் ஊசியாக மாற்றினார். ஒரு நூற்றாண்டு கடந்தும் நிலைத்திருப்பது அதன் பெருமை. ஆனால் அது சொல்வது கிருமி உடலுக்குள் நுழைந்ததா என்பதை மட்டும். நோயாகியிருக்கிறதா என்பதை அல்ல. நன்றாக மெலிந்த பிள்ளைக்கு, உண்மையிலேயே நோய் முற்றிய பிள்ளைக்கு, உடல் எதிர்வினை காட்டாமலே போகலாம். யாருக்காக நாம் அஞ்ச வேண்டுமோ அவர்களிடமே அது மௌனமாகிறது. நம் ஊர் நடைமுறை இன்னும் தளர்வு. இரண்டு யூனிட் போட வேண்டிய இடத்தில் ஐந்தும் பத்தும் போடுகிறார்கள். தடித்த அளவை அளக்க வேண்டிய இடத்தில் சிவந்த அளவை அளக்கிறார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியதை அம்மா கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் பிசிஜி தடுப்பூசி ஆய்விலேயே, மண்ணிலும் நீரிலும் வாழும் காசமல்லாத கிருமிகளால் இந்தப் பகுதி மக்களின் தோல் எதிர்வினை எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பது பதிவாகிவிட்டது. பிசிஜி தடுப்பூசியால் மாண்டூவில் வரும் குழப்பம், இரத்தத்தில் பார்க்கும் இக்ரா சோதனைக்கு இல்லை. ஆனால் அதுவும் நுழைந்த கிருமியைத்தான் சொல்லும், நோயைச் சொல்லாது. இ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதை வைத்து முடிவெடுப்பதை விட்டுவிடலாம். காசநோய்க்கென்று இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனைகளை 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வேண்டாமென்றது. 2012-இல் இந்தியா தடைசெய்தது. யாராவது இன்னும் அதை எழுதிக் கொடுத்தால் பெற்றோர் மறுத்துவிட வேண்டும்.

எக்ஸ்ரேயின் கதை வேறு. மார்பெங்கும் கம்பு மணி தூவியதுபோல் புள்ளிகள் நிறைந்த படத்தைப் பார்த்துவிட்டு யாரும் தயங்க வேண்டியதில்லை. தயக்கம் நிணநீர்க் கணுவில்தான். குழந்தைக் காசநோயின் முக்கியமான அடையாளம் மூச்சுக்குழாயை ஒட்டி வீங்கிய கணுக்கள். அவற்றைப் படத்தில் பார்ப்பதில் நம் கண்கள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை ஸ்விங்லர் குழுவினர் 2005-இல் கேப் டவுனில் சி.டி. ஸ்கேனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். வீக்கம் இருந்தவர்களில் எக்ஸ்ரே கண்டது 67 விழுக்காடு. இல்லாதவர்களில் 'இல்லை' என்று சரியாகச் சொன்னது 59 விழுக்காடு. இத்தனைக்கும் அது பழக்கப்பட்ட மருத்துவர்கள் உள்ள நகரம். எக்ஸ்ரே அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வியப்பு போய்விடும். அழும் பிள்ளையின் கைகளை அப்பா தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கிறார், உடல் ஒருபக்கம் திரும்புகிறது, மூச்சை வெளியே விட்ட நொடியில் படம் விழுகிறது. திரும்பிய படத்தில் இயல்பான இரத்தக் குழாய் கணுவாகத் தெரியும். கைக்குழந்தைக்கு தைமஸ் சுரப்பியின் நிழல் கட்டியாகத் தெரியும். பக்கவாட்டுப் படம் ஒன்றைச் சேர்த்து எடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். அதையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. எக்ஸ்ரேயைக் கணினியே படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு 2021-இல் பரிந்துரை கிடைத்தது. ஆனால் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்.

இப்படி ஒவ்வொன்றும் அரைச் சான்றாக நிற்கும்போது அவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டலாம் என்ற யோசனை பழையது. பாப்புவா நியூ கினியில் 1987-இல் கீத் எட்வர்ட்ஸ் வகுத்த அட்டவணை பல நாடுகளில் புழங்கியது. அனுபவத்தில் எழுந்த எண்கள் அவை. சரியாக உரசிப் பார்க்கப்படவில்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இடைக்காலப் பரிந்துரையாக வெளியிட்ட சிகிச்சை முடிவுப் படிமுறை அந்த வகையில் ஒரு படி மேல். கென்னத் குணசேகரா குழுவினர் 12 நாடுகளின் 13 ஆய்வுகளிலிருந்து 4,718 பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டி மதிப்பெண்களை வகுத்தார்கள். கிருமி கிடைத்தால் மருந்து. கிடைக்காவிட்டாலும், கடந்த ஓராண்டில் நெருங்கிய ஒருவருக்குக் காசநோய் இருந்து பிள்ளைக்கு அறிகுறியும் இருந்தால் மருந்து. இரண்டும் இல்லையென்றால் மதிப்பெண். பத்தைத் தாண்டினால் மருந்து.

இதன் பலம், நோயுள்ள நூறு பேரில் 86 பேரைப் பிடிப்பது. பலவீனம், நோயற்ற நூறு பேரில் 37 பேரை மட்டுமே விடுவிப்பது. எக்ஸ்ரே இல்லாத இடத்துக்கான படிமுறையில் அது 30 ஆகிறது. எனக்கு இதைவிட உறுத்துவது வேறு. இந்த அட்டவணையில் மிகப் பெரிய மதிப்பெண் எக்ஸ்ரேயில் தெரியும் வீங்கிய கணுவுக்கு: 17. அந்த ஒன்றே எல்லையைத் தாண்டிவிடுகிறது. மருத்துவக் கண் எதில் அதிகம் தடுமாறுகிறதோ அதற்கே அதிகம் எடை. வல்லுநர் குழுக்கள் படித்த ஆய்வுப் படங்களில் அந்த 17 நியாயமாக இருக்கலாம். வட்டார மருத்துவமனையில் திரும்பிய படத்தை ஒருவர் தனியாகப் பார்த்துப் போடும் 17 அதே 17 ஆகாது. இன்னொரு குறையும் உண்டு. 'நோயுள்ளவர்' என்று ஒப்பீட்டுக்கு எடுத்த பிள்ளைகளில் பலர் கிருமி கிடைக்காமல் அறிகுறியையும் படத்தையும் வைத்தே முடிவு செய்யப்பட்டவர்கள். அதே அறிகுறியை வைத்து மதிப்பெண்ணைச் சோதித்தால் தேர்வு எழுதியவரும் திருத்தியவரும் பாதி ஒரே ஆள் ஆகிவிடுகிறார்.

இவ்வளவு குறையோடு இதை ஏற்கலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகள் சந்தேகத்தோடு வருகிறார்கள், முப்பது பேருக்கு உண்மையில் நோய் என்று கொள்வோம். கிருமி வந்தால்தான் மருந்து என்றால், நல்ல மாதிரி எடுத்தும் பத்துப் பேருக்குத்தான் தொடங்குவோம். இருபது பேரை விடுவோம். மதிப்பெண் வழியில் நான்கு பேரை விடுவோம், தேவையில்லாத 44 பேருக்கு மருந்து கொடுப்போம். விட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 44 பேர் இறப்பார்கள் என்ற பழைய விகிதத்தை வைத்தால் முதல் வழியில் ஒன்பது இறப்பு, இரண்டாம் வழியில் இரண்டு. அந்தப் பழைய விகிதம் முற்றிய நோய்களின் காலத்தது, இன்று பாதிதான் என்று வைத்தாலும் மூன்று நான்கு உயிர் மிஞ்சுகிறது. ஓர் உயிருக்குப் பன்னிரண்டு வீண் சிகிச்சை. குழந்தைகளுக்கு இம்மருந்துகளால் கல்லீரல் கெடுவது அரிது. சென்னையும் புனேயும் சேர நான்கு நாடுகளின் மையங்களில் 1,204 பிள்ளைகளிடம் நடந்த ஷைன் ஆய்வு, கடுமையற்ற நோய்க்கு ஆறு மாத மருந்துக்கு நான்கு மாதமே ஈடு என்று 2022-இல் நிறுவியபின் அந்த விலை இன்னும் குறைந்திருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு இந்த விலையைக் கொடுக்கலாம். கொடுக்கவே வேண்டும்.

அதே கணக்கை இடம் மாற்றிப் போட்டால் விடை தலைகீழாகிறது. பள்ளிப் பிள்ளைகள், சாப்பிடவே மாட்டேனென்கிறார்கள் என்ற குறையோடு வருகிறார்கள், நூற்றில் இருவருக்குத்தான் நோய். இங்கே மதிப்பெண் அந்த இருவரையும் பிடித்து, கூடவே அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மருந்தைத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் இது கற்பனை இல்லை. 'பிரைமரி காம்ப்ளெக்ஸ் இருக்கிறது, ஆறு மாதம் மருந்து' என்று குழந்தைக் காசநோயைக் குறிக்கும் பேச்சு இரண்டு தலைமுறைப் பெற்றோருக்குப் பழக்கம். எடை ஏறாத பிள்ளை, அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை, கழுத்தில் நெறிகட்டிய பிள்ளை, கொஞ்சம் சிவந்த மாண்டூ, உடனே மருந்து. பிறகு பிள்ளை தேறும், எப்படியும் தேறியிருக்கும். 'பார்த்தீர்களா, மருந்து கேட்டது' என்று அதுவே சான்றாகிவிடும். மருந்து கொடுத்துப் பார்த்து நோயை முடிவு செய்யும் இந்த வழக்கத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. ரிஃபாம்பிசின் வேறு பல கிருமிகளையும் கொல்லும். தானாகவே ஆறும் நோய்களும் அந்த ஆறு மாதத்தில் ஆறிவிடும்.

வீண் மருந்தின் தீங்கு மாத்திரையில் மட்டும் இல்லை. காசநோய் என்று பெயர் வைத்த கணத்தில் தேடல் நின்றுவிடுகிறது. ஆஸ்துமா அப்படியே இருக்கிறது. மூச்சுக்குழாயில் சிக்கிய நிலக்கடலை உள்ளேயே கிடந்து நுரையீரலைக் கெடுக்கிறது. கழுத்துக் கட்டி லிம்ஃபோமா என்ற புற்றுநோயாக இருந்தால் பொன்னான மாதங்கள் போய்விடுகின்றன. கழுத்தில் தொட்டால் நழுவும் சிறு கணுக்கள் தலைப்பேன் புண்ணிலும் டான்சில் தொல்லையிலும் வருபவை. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஆன்டிபயாடிக் முடிந்தும் வற்றாத கட்டியென்றால் ஊசி குத்தி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அந்த ஆன்டிபயாடிக்கும் லெவோஃப்ளாக்சசினாக இருக்கக் கூடாது. அது காசக் கிருமியை அரைகுறையாக அடக்கி, உண்மையை மறைத்துவிடும்.

ஒரே ஊரில் ஒரு பிள்ளைக்கு நோய் இல்லாமலே மருந்து, இன்னொரு பிள்ளைக்கு நோய் இருந்தும் மருந்தில்லை. மிகையும் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று நினைக்கக் கூடாது. அவை வெவ்வேறு பிள்ளைகள்மேல் விழுகின்றன. மிகை பெரும்பாலும் கிளினிக் போக வசதியுள்ள பள்ளிப் பிள்ளைகள்மேல் விழுகிறது. குறை விழுவது, இன்னும் பேச்சு வராத, எடை குறைந்த, வீட்டில் ஒருவர் இருமிக்கொண்டிருக்கும் பிள்ளையின்மேல். உலகக் காசநோயாளிகளில் 12 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் பதிவாகும் நோயாளிகளில் அவர்களின் பங்கு 6 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இடைவெளியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகைப் பிள்ளைகள் என்பது என் கணிப்பு.

இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தைவிட வலிமையான ஒரு கருவி உண்டு. செலவு இல்லை, ஆனால் சரியாகக் கையாளப்படுவதில்லை. அது ஒரு கேள்வி. புறநோயாளிப் பிரிவில் நாற்பது பேர் நிற்கும் வரிசைக்கு நடுவே, 'வீட்டில் யாருக்காவது டிபி இருக்கா?' என்று மருத்துவர் கேட்கிறார். பக்கத்தில் மாமியார் நிற்கிறார். 'இல்லைங்க டாக்டர்' என்கிறாள் பிள்ளையின் அம்மா. தொடர்பு வரலாறு இல்லை என்று சீட்டில் எழுதப்படுகிறது. அதே பெண்ணைத் தனியே உட்காரவைத்து, 'வீட்ல ரொம்ப நாளா இருமுறவங்க யாரும்மா? பகல்ல பாப்பாவை யார் பாத்துக்கிறாங்க? போன வருஷம் யாராவது ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாங்களா?' என்று கேட்டால், 'மாமாதான் ராத்திரியெல்லாம் இருமுறாரு, பீடி பழக்கம்னு விட்டுட்டோம்' என்று பதில் வரும். குழந்தைக்கு இந்த நோய் ஏறத்தாழ எப்போதும் இருமும் ஒரு பெரியவரிடமிருந்தே வருகிறது. கிருமி நுழைந்த கைக்குழந்தைகளில் பாதிப் பேர், சிகிச்சை இல்லாவிட்டால், நோயாளியாகிறார்கள். ஒன்று இரண்டு வயதில் நால்வரில் ஒருவர். ஐந்து முதல் பத்து வயதில் நூற்றுக்கு இரண்டு பேர்தான். பெரும்பாலானவர்களுக்கு நோய் வெளிப்படுவது நுழைந்த ஓராண்டுக்குள். வயது, தொடர்பு, காலம் என்ற இந்த மூன்றும் சேர்ந்து சொல்வதை எந்த ஆய்வகச் சோதனையும் சொல்வதில்லை.

இன்னொரு சான்று அங்கன்வாடியில் தூங்குகிறது. 'சாப்பிடமாட்டேனென்கிறான்' என்பது அம்மாவின் கவலை. மாதாமாதம் எடை போட்டுப் பதிந்த அட்டையில் மூன்று மாதமாக ஏறாத கோடு என்பது ஆதாரம். விடாத இருமல், ஏறாத எடை, சோர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தாலே, எச்ஐவி இல்லாத மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நோயை நன்றாகவே கணிக்கலாம் என்று பென் மரே குழுவினர் 2006-இல் கேப் டவுனில் காட்டினார்கள். மூன்று வயதுக்குக் கீழே அந்த மூன்றும் பாதிப் பேரைத் தவறவிட்டன. வயதுக்கேற்பச் சான்றின் அளவை மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதரவு வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. இரண்டு வயதுக்குட்பட்டவர்கள், கடுமையாக மெலிந்தவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் ஆகியோரிடம் கிருமிக்காகக் காத்திருப்பதைக் கைவிட வேண்டும். தொடர்பும் அறிகுறியும் இருந்தால் நெகட்டிவ் ரிப்போர்ட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றே மருந்தைத் தொடங்க வேண்டும். மூளைக்காய்ச்சலின் சாயல் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஐந்து வயதுவரை தொடர்பு இருக்கும் பிள்ளைகளுக்கும் இதே நிலை. பள்ளி வயதுப் பிள்ளைக்குத் தொடர்பும் இல்லை, நல்ல நிலையிலும் இருக்கிறது என்றால், மாண்டூவையோ கழுத்து நெறியையோ மட்டும் வைத்து மருந்து தொடங்கக் கூடாது. நேர்ப் படமும் பக்கவாட்டுப் படமும் எடுத்து, இரண்டாவது மருத்துவர் ஒருவரும் பார்த்து, மாதிரி அனுப்பி, இரண்டு வாரம் பொறுத்து மறுபடி பார்க்க நேரம் இருக்கிறது. 2022 படிமுறையை அரசு மருத்துவமனைகளில் ஏற்கலாம். கணுவுக்கான அந்த 17-ஐ ஒருவர் மட்டும் படித்துப் போடக் கூடாது என்ற திருத்தத்தோடு. சாப்பிடாத பிள்ளைகள் நிறையும் கிளினிக்குக்கு அது பொருந்தாது.

யாருக்குத் தொடங்கினாலும் முதல் மாத்திரைக்கு முன் ஒரு மாதிரி எடுத்தாக வேண்டும். கிருமி கிடைத்தால் எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியும். கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு நோயைத் தந்த பெரியவரின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி அதன்படி மருந்தைத் தேர வேண்டும். எதை வைத்துத் தொடங்கினோம் என்பதைச் சீட்டில் எழுத வேண்டும். இரண்டு மாதத்தில் எடை ஏறவில்லை என்றால் மருந்தைச் சந்தேகிப்பதோடு அந்த முடிவையும் சந்தேகிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, பிள்ளை பழகும் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், அந்த வாரமே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், இருமல் இல்லாவிட்டாலும். நோய் இருந்தால் சிகிச்சையும், இல்லையென்றால் தடுப்பு மருந்தும் அங்கே இலவசம். மருத்துவர் கேட்காவிட்டாலும், இன்னாருக்கு நோய் இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.